எட்டு கஜமும் இரண்டு வாளும்

"பாவாடை கட்டிக்கொண்ட ஆண்பிள்ளைகள் மரத்தைத் தூக்கிப் போடுவார்களாம். அதைப் பார்க்கவா ஐயாயிரம் மைல் தாண்டி வந்தோம்?" என்று கேட்டாள் பாங்க்காரி.

"பாவாடை என்று அங்கே போய்ச் சொல்லி வைக்காதே. அந்த மரத்தை உன் மேலேயே போட்டுவிடுவார்கள்!" என்றாள் டாக்டரம்மா.

இவர்கள் இருவரும் யார் என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. பெயரைப் போட்டால் சண்டைக்கு வருவார்கள். ஆகையால் உத்தியோகத்தை வைத்தே அழைக்கிறேன். நாங்கள் மூவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே டிபன் டப்பாவில் கை வைத்தவர்கள். ஒருத்திக்குச் சென்னையில் பாங்கு வேலை. இன்னொருத்தி ஸ்காட்லாந்தில், அபர்டீன் நகரத்தில் டாக்டர். மூன்றாமவளான நான் வாரா வாரம் உங்களிடம் எதையாவது பேசிக்கொண்டிருப்பவள். 2023 செப்டம்பரில் பாங்க்காரியும் நானும் பத்து நாள் லீவு போட்டுவிட்டு டாக்டரம்மா வீட்டில் போய் இறங்கினோம்.

இறங்கியதும் அவள் சொன்ன முதல் செய்தி, "சனிக்கிழமை பிரேமார் போகிறோம். சீட்டு எப்போதோ வாங்கியாகிவிட்டது" என்பது. பிரேமார் என்பது மலைநாட்டுக் கிராமம். ஒவ்வொரு வருஷமும் செப்டம்பர் மாதத்து முதல் சனிக்கிழமை அங்கே விளையாட்டு விழா. ஸ்காட்லாந்தில் கோடைக்காலம் முழுவதும் எத்தனையோ ஊர்களில் இப்படி விழா நடக்கிறது. ஆனால் நாட்டு மன்னரே வந்து பார்ப்பதால் பிரேமாருக்குத் தனி மவுசு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் புறப்பட்டோம். காரில் நான்காவதாக ஒரு பிரயாணியும் உண்டு. டாக்டரம்மாவின் பெண், வயது பத்து. அவளைக் குட்டி என்று வைத்துக்கொள்வோம். பிறந்ததும் வளர்ந்ததும் அபர்டீனில்தான். ஆனாலும் தமிழ் நன்றாகப் பேசுவாள். 'ழ' மட்டும் அவள் நாக்கில் மாட்டிக்கொண்டு தவிக்கும். சாதாரணமாக வாய் ஓயாதவள், அன்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மௌன விரதம் இருந்தாள்.

"என்னடி, உன் பெண்ணுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன்.

"உடம்புக்கு ஒன்றுமில்லை. நாட்டியம்தான் வியாதி" என்றாள் டாக்டரம்மா, வண்டியை ஓட்டிக்கொண்டே.

விஷயம் இதுதான். குட்டி ஐந்து வயதிலிருந்து பரதநாட்டியம் கற்றுக்கொள்கிறாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் வகுப்பு. ஜூன் மாதம் பள்ளிக்கூட விழாவில் அவளை ஆடச் சொன்னார்கள். பாதியில் அடவு மறந்துவிட்டது. மேடையில் அப்படியே நின்றுவிட்டாள். கூட்டத்தில் யாரோ இரண்டு பிள்ளைகள் சிரித்தார்கள். அழுதுகொண்டே இறங்கி வந்தவள், சலங்கையை அவிழ்த்து அம்மா கையில் கொடுத்து, "இனிமேல் ஆட மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். ஆடித்தான் ஆக வேண்டும் என்று தாய். முடியவே முடியாது என்று மகள். இரண்டு மாதத்துக்கு மேலாக அந்த வீட்டில் மகாபாரதம்.

அந்தச் சலங்கைக்கும் ஒரு கதை உண்டு. அது டாக்டரம்மாவுடையது. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் அவள் ஆடினால் தலைமையாசிரியை கூட நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார். வைத்தியக் கல்லூரியில் இடம் கிடைத்ததும் அவள் அப்பா, "ஆட்டமெல்லாம் போதும் அம்மா, இனிமேல் படிப்பைப் பார்" என்றார். சலங்கை பிஸ்கட் டப்பாவுக்குள் போயிற்று. டப்பா கடல் தாண்டி அபர்டீனுக்கும் வந்துவிட்டது. தன் காலில் நின்றுபோன சத்தத்தைப் பெண்ணின் காலில் கேட்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. தாய்மார்களுக்கு இது ஒன்றும் புதிய ஆசை இல்லையே!

அபர்டீனிலிருந்து பிரேமாருக்குச் சுமார் 60 மைல். வழி நெடுக டீ என்ற ஆறு கூடவே வருகிறது. "டீ" என்றதும் பாங்க்காரி ஆவலோடு எட்டிப் பார்த்து ஏமாந்தாள். மலைச்சரிவுகளில் ஹெதர் என்ற குத்துச்செடி கத்தரிப்பூ நிறத்தில் பூத்துக் கிடந்தது. இரவு பாலட்டர் என்ற சிற்றூரில் தங்கினோம். மறுநாள் காலை, அரச குடும்பத்தின் பால்மோரல் மாளிகை இருக்கும் பகுதியைத் தாண்டிப் பிரேமார் போய்ச் சேர்ந்தோம்.

பிரேமாரில் குடியிருப்பவர்கள் சில நூறு பேர்தான். குளிருக்குப் பெயர் போன ஊர். பிரிட்டனிலேயே மிகக் குறைந்த வெப்பநிலை, பூஜ்யத்துக்குக் கீழே 27.2 டிகிரி, இங்கே 1895-லும் 1982-லும் பதிவாகியிருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் அன்று திருவிழாக் கூட்டம். கார்களும் பஸ்களும் வயல்வெளியெல்லாம் நின்றன.

இந்த ஓட்டப் பந்தயமும் பளு எறிதலும் எப்படி ஆரம்பித்தன என்பதற்கு ஒரு பழங்கதை சொல்கிறார்கள். பதினோராம் நூற்றாண்டில் மால்கம் என்ற மன்னன், ஓலை கொண்டு போவதற்கு வேகமான ஆள் தேவைப்பட்டு, எதிரே இருக்கும் குன்றின் மேல் எல்லோரையும் ஓடச் சொன்னானாம். கதை கிடக்கட்டும். கணக்கில் எழுதியிருக்கும் சரித்திரம்தான் எனக்கு அதைவிடப் பிடித்திருந்தது. 1815-ல் இந்த ஊர்த் தச்சர்கள் ஒரு சங்கம் வைத்தார்கள். தங்களில் ஒருவர் நோயில் படுத்தால் உதவவும், இறந்து போனால் அவருடைய மனைவி மக்கள் பட்டினி கிடக்காமல் பார்க்கவும் ஏற்பட்ட சங்கம் அது. அந்தச் சங்கம்தான் 1832-லிருந்து விளையாட்டுக்குப் பரிசு கொடுக்க ஆரம்பித்தது. 1848-ல் விக்டோரியா ராணி வந்து பார்த்தார். அதற்குப் பிறகு கேட்பானேன்! ராஜாக்களுக்கு முன்னால் விதவைகள் இருந்தார்கள் என்பதைத்தான் நாம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

மைதானத்துக்குள் நுழைவதற்கு முன்பே காதில் விழுந்தது பைக்குழல் நாதம். கையிடுக்கில் ஒரு தோல் பை. அதிலிருந்து தோளுக்கு மேலே நீளும் மூன்று குழல்கள். கீழே விரல் ஓட்டி வாசிக்க ஒரு குழல். மேலே இருக்கும் மூன்றும் ஒரே சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அட, இது நம் நாகஸ்வரத்துக்குப் பக்கத்தில் நின்று ஒத்து ஊதுகிறவரின் வேலை! அங்கே இரண்டு பேர் செய்வதை இங்கே ஒரே ஆள் செய்கிறார். பல ஊர் வாத்தியக் கோஷ்டிகள் ஒன்றாகச் சேர்ந்து, முரசு அதிர மைதானத்தில் அணிவகுத்து வந்தபோது பாங்க்காரி ஐயாயிரம் மைலை மறந்துவிட்டாள். "சுவாமி புறப்பாடு மாதிரி இருக்கிறதடி!" என்றாள்.

இனி அந்தப் 'பாவாடை'க்கு வருகிறேன். அதன் பெயர் கில்ட். கட்டம் போட்ட கம்பளித் துணி. முன்பக்கம் தட்டை, பின்பக்கம் முழுவதும் நெருக்கமாகக் கொசுவம். நன்றாகத் தைத்த கில்ட்டுக்கு எட்டு கஜம் துணி பிடிக்குமாம். நம் சேலை ஆறு கஜம், மடிசார் ஒன்பது கஜம். ஸ்காட்லாந்து ஆண்பிள்ளை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறான்! "இவ்வளவு துணியையும் தினம் யார் இஸ்திரி போடுவது?" என்று பாங்க்காரி கவலைப்பட்டாள்.

இந்த எட்டு கஜத் துணிக்காக ஒரு காலத்தில் சிறைக்குப் போகும்படி இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? 1746-ல் கலோடன் என்ற இடத்தில் நடந்த போரில் மலைநாட்டார் தோற்றார்கள். அதே ஆண்டில் லண்டன் அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. மலைநாட்டு ஆண்களும் பையன்களும் கில்ட் கட்டக் கூடாது. பட்டாளத்தில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. மீறினால் ஆறு மாதம் சிறை. மறுபடியும் மீறினால் ஏழு வருஷம் கடல் கடந்த நாட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். உடுப்பைப் பறித்துவிட்டால் ஒரு ஜனத்தின் வீம்பையும் பறித்துவிடலாம் என்று எண்ணம். 1782-ல்தான் சட்டம் ரத்தாயிற்று. முப்பத்தாறு வருஷம்! கில்ட் கட்டிய ஒரு தகப்பனாரையும் கூடவே நடந்த சின்னப் பையனையும் பார்த்தபோது, அந்த முப்பத்தாறு வருஷத்தில் பிறந்து, அப்பா கட்டிப் பார்த்திராத பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன்.

மைதானத்தில் ஒரே சமயத்தில் நான்கு வேடிக்கை. ஒரு பக்கம் ஓட்டம், ஒரு பக்கம் பளு எறிதல், ஒரு பக்கம் வாத்தியப் போட்டி, நடுவில் மேடை போட்டு நடனம். கண்கள் போதவில்லை. 56 ராத்தல் இரும்புக் குண்டை, அதாவது 25 கிலோவை, ஒற்றைக் கையால் பிடித்து, கால்களுக்கு நடுவே ஆட்டி, தலைக்குப் பின்னால் இருக்கும் உயரமான கம்பியைத் தாண்டி வீசுகிறார்கள். நாம் ஒரு சிப்பம் அரிசியை மாடிக்கு ஏற்றுவதற்குள் மூன்று முறை உட்கார்கிறோம். இவர்கள் அதை மாடிக்கே எறிந்துவிடுவார்கள்.

மரம் தூக்கிப் போடுவது இருக்கிறதே, அதுதான் விழாவின் உயிர். கேபர் என்று பெயர். கிளை கழித்துச் செதுக்கிய முழு மரம். நீளம் சுமார் 19 அடி. எடை 60 கிலோவும் இருக்கும், 80 கிலோவும் இருக்கும். சிறுத்த முனையைக் கையில் ஏந்தி, மரத்தைச் செங்குத்தாகத் தோளில் சாய்த்துக்கொண்டு ஓடி வருகிறார். சட்டென்று நின்று, முழு பலத்தோடு மேலே உந்துகிறார். பருத்த முனை தரையில் ஊன்றி, மரம் குட்டிக்கரணம் போட்டு அந்தப் பக்கம் விழ வேண்டும். எவ்வளவு தூரம் போயிற்று என்பது இங்கே கணக்கே இல்லை. எவ்வளவு நேராக விழுந்தது என்பதுதான் கணக்கு. எறிந்தவர் ஒரு கடிகாரத்தில் ஆறு மணி இருக்கும் இடத்தில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கரணம் அடித்த மரம் பன்னிரண்டு மணி முள்ளைப் போல் நேர் எதிரே நீட்டிக்கொண்டு விழுந்தால் முழு மதிப்பெண். பதினொன்று, ஒன்று என்று சாய்ந்தால் மதிப்பெண் குறையும்.

முதல் மூன்று பேர் தூக்கியது கரணம் போடாமல் பக்கவாட்டிலோ, வந்த வழியிலோ சாய்ந்தது. நான்காமவர் உந்தினார். மரம் நட்ட நடுவில் ஒரு கணம் நின்று யோசித்தது. பிறகு மெல்ல அந்தப் பக்கம் சாய்ந்தது. "பன்னிரண்டு!" என்று கூவிக்கொண்டு பாங்க்காரி எழுந்து நின்றுவிட்டாள். பின்னால் இருந்த பெரியவர் குடையால் அவளைத் தட்டி உட்கார வைக்க வேண்டியதாயிற்று.

குட்டியோ மரத்தையும் பார்க்கவில்லை, குண்டையும் பார்க்கவில்லை. அவள் கண் நடு மேடையிலேயே இருந்தது.

மேடையில் அவள் வயதுப் பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். கட்டம் போட்ட கில்ட், வெல்வெட்டு மேல்சட்டை, மெல்லிய தோல் செருப்பு. கைகளை மான் கொம்பு போல் மேலே தூக்கிக்கொண்டு, முன்பாதத்திலேயே குதித்துக் குதித்து ஆடுகிறார்கள். முகத்தில் அபிநயம் இல்லை, எல்லாம் காலில்தான். ஆதியில் இது ஆண்பிள்ளைகளின் ஆட்டமாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஜென்னி டக்ளஸ் என்ற பெண் போட்டிக்குப் பெயர் கொடுத்தாளாம். பெண்கள் ஆடக் கூடாது என்று விதியில் எங்கும் எழுதி வைக்கவில்லை. யாரும் கேட்பாள் என்று எதிர்பார்க்கவில்லை, அவ்வளவுதான். இன்று போட்டிகளில் ஆடுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள்தான்.

வாள் நடனத்துக்கு முறை வந்தது. தரையில் இரண்டு வாள்களைப் பெருக்கல் குறி போல் வைத்துவிடுகிறார்கள். அந்த நான்கு மூலைகளுக்குள் பாதத்தை வைத்து ஆட வேண்டும். கீழே குனிந்து பார்த்துக்கொண்டே ஆடினால் அழகு போய்விடும். முதலில் நிதானம், பிறகு துரிதம். கால் பட்டு வாள் நகர்ந்துவிட்டால் அந்த ஆட்டம் போட்டியில் சேராது.

செம்பட்டைத் தலைமுடிப் பெண் ஒருத்தி. வயது பத்து, பதினொன்று இருக்கும். நிதானத்தில் மிக அழகாக ஆடினாள். துரிதம் ஆரம்பித்தது. இரண்டாவது சுற்றில் வலது கால் நுனி பட்டு ஒரு வாள் ஒரு சாண் நகர்ந்தது. பார்த்துக்கொண்டிருந்த தாய்மார்கள் எல்லோரும் ஒரே மூச்சாக "ஓ" என்றார்கள். குட்டி என் கையை இறுகப் பிடித்தாள். நகம் பதிந்தது.

அந்தப் பெண் நிற்கவில்லை. முகம் சிவந்து போயிற்று. ஆனால் கை இறங்கவில்லை. நகர்ந்த வாளுக்குத் தகுந்தாற்போல் காலை எட்டி வைத்து, கடைசி அடி வரையில் ஆடி, வாத்தியம் நின்றதும் குனிந்து வணக்கம் செலுத்தினாள். ஜயித்தவளுக்குக் கிடைத்ததைவிட அவளுக்குக் கிடைத்த கைதட்டல் அதிகம் என்று சொன்னால் அது கதை. சாதாரணக் கைதட்டல்தான் கிடைத்தது. அவள் இறங்கிப் போனாள், அடுத்தவள் ஏறினாள்.

மத்தியானம் சாப்பாட்டுக் கடைப் பக்கம் போனோம். ஹாகிஸ் என்பது அந்த நாட்டுப் பெருமைக்குரிய பண்டம். ஆட்டின் ஈரல், இருதயம், நுரையீரல் இவற்றை ஓட்ஸோடு சேர்த்து அவித்தது. டாக்டரம்மா சாப்பிட்டாள். பாங்க்காரி, தான் கட்டிக்கொண்டு வந்திருந்த புளியோதரைப் பொட்டலத்தை வெற்றிக்கொடி போல் பிரித்தாள். அப்போதுதான் குட்டியைக் காணவில்லை என்று தெரிந்தது.

தேடிப் போனால், டீக்கடைக் கூடாரத்து வாசலில் அந்தச் செம்பட்டைத் தலைப் பெண் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் எதிரே நம் குட்டி. நான் கூடாரத் துணிக்குப் பின்னால் நின்றுவிட்டேன். பத்திரிகைக்காரிக்கு ஒட்டுக் கேட்பது பாவமில்லை.

"வாள் நகர்ந்தது உனக்குத் தெரியுமா?" என்று குட்டி கேட்டாள்.

"தெரியாமல் என்ன? காலில்தானே பட்டது!"

"தோற்றாயிற்று என்று தெரிந்த பிறகு எதற்காக ஆடினாய்?"

அந்தப் பெண் ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டே யோசித்தாள். "குழல் வாசிக்கிறவர் நிறுத்தவில்லையே!" என்றாள்.

"யாரும் சிரிக்கவில்லையா?"

"என் தம்பி சிரித்தான். சாயங்காலம் சாக்கு ஓட்டத்தில் அவன் விழுவான். அப்போது நான் சிரித்துக்கொள்வேன்."

"தினமும் பழக வேண்டுமா?"

"செவ்வாயும் வியாழனும் வகுப்பு. செவ்வாய்க்கிழமை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது."

குட்டி இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள். "எனக்கு ஞாயிற்றுக்கிழமை" என்றாள்.

இதற்குள் டாக்டரம்மாவும் வந்து சேர்ந்தாள். பெண்ணின் பாட்டியார் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்தார். எழுபது வயதுக்கு மேலிருக்கும். எங்களையும் உட்காரச் சொன்னார். பேச்சு இயல்பாகப் பிள்ளைகளின் நடனத்துக்கு வந்தது.

"உங்கள் பேத்தி மிகவும் தைரியசாலி. நீங்கள்தான் பழக்கினீர்களா?" என்று டாக்டரம்மா கேட்டாள்.

பாட்டியார் தலையை ஆட்டினார். "நான் வாயே திறக்கவில்லை, அம்மா. பழக்கியது என் மகளை. நான் கல்யாணம் வரையில் ஆடினேன். பிறகு வீடு, பிள்ளைகள் என்று விட்டுப் போயிற்று. ஆகையால் மகள் ஆட வேண்டும் என்று பிடிவாதம். அழுதாலும் விடாமல் இழுத்துக்கொண்டு போவேன். பதினான்கு வயதில் அவள் செருப்பை என் முன்னால் அடுப்பில் போட்டுவிட்டாள். இன்றைக்கும் இந்த விழாவுக்கு அவள் வருவதில்லை. தன் பெண் ஆடுகிறாள் என்றாலும் வரவில்லை."

சற்று நிறுத்தி டீயை ஒரு வாய் குடித்தார்.

"பேத்தி ஆறு வயதில் என் பெட்டியைக் குடைந்தாள். உள்ளே என் பழைய செருப்பு. 'பாட்டி, இது என்ன?' என்று கேட்டாள். கேட்டதற்குப் பதில் சொன்னேன். நான் செய்தது அவ்வளவுதான்."

டாக்டரம்மா ஒன்றும் பேசவில்லை. கோப்பையில் கரண்டியை விட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தாள். அதில் சர்க்கரை போடவே இல்லை.

பிற்பகல் மன்னர் சார்லஸும் ராணி கமிலாவும் வந்தார்கள். வாத்தியம் முழங்கியது, கூட்டம் எழுந்து நின்றது. அதற்கு முந்தின ஆண்டு எலிசபெத் ராணியால் விழாவுக்கு வர முடியவில்லை. விழா முடிந்து ஐந்தாம் நாள், 2022 செப்டம்பர் 8 அன்று, பால்மோரலில் அவர் காலமானார். மன்னரானபின் சார்லஸ் பங்குகொண்ட முதல் பிரேமார் விழா இது. எல்லோரும் அரச மேடையைப் பார்த்தார்கள். நாங்கள் மட்டும் பார்க்கவில்லை. எங்கள் நால்வர் கண்ணும் சாக்கு ஓட்டத்தின் மேல் இருந்தது. செம்பட்டைத் தலைமுடிப் பையன் ஒருவன் பத்தாவது அடியில் குப்புற விழுந்தான். கூட்டத்தில் எங்கேயோ ஒரு சிறுமி கலகலவென்று சிரித்தாள். இங்கே குட்டி கைதட்டினாள். பையன் சாக்கோடு உருண்டு எழுந்து, கடைசியாகக் கோட்டைத் தாண்டினான்.

இரவு பாலட்டரில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை காலை திரும்பினோம். வழியில் பொட்டார்க் என்ற இடத்தில் ஒரு பழைய பாலம். காரை நிறுத்தி, ஆற்றைப் பார்த்துக்கொண்டு மிச்சப் புளியோதரையைச் சாப்பிட்டோம். டொனால்டு டின்னி என்ற மகா பலசாலி (1837-1916) இந்தப் பக்கத்துக்காரர். 1860-ல், வளையம் பொருத்திய இரண்டு கற்களைக் கைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு இந்தப் பாலத்தின் அகலத்தைக் கடந்தாராம். இரண்டும் சேர்ந்து 733 ராத்தல். நாலு மூட்டை நெல்லுக்கு மேல்! இன்றைக்கும் உலகத்துப் பலசாலிகள் அந்தக் கற்களைத் தூக்கிப் பார்க்க வருகிறார்கள்.

"எங்கள் ஊரில் இளவட்டக்கல் இருக்கிறது" என்றாள் பாங்க்காரி. "அதைத் தூக்கினால்தான் பெண் கொடுப்பார்களாம். எங்கள் தாத்தா தூக்கினார் என்று பாட்டி சொல்வாள். தாத்தாவைக் கேட்டால் இருமிவிட்டுப் போய்விடுவார்."

எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் குட்டி திடீரென்று கேட்டாள்.

"அம்மா, நீ ஏன் நாட்டியத்தை நிறுத்தினாய்?"

"நிறுத்தச் சொன்னார்கள்."

"உனக்குப் பிடித்திருந்ததா?"

டாக்டரம்மா ஆற்றைப் பார்த்துக்கொண்டே, "ரொம்பப் பிடித்திருந்தது" என்றாள். அவள் குரல் சரியாக இல்லை.

"அப்படியானால் நீயே ஆடேன். சலங்கை உன்னுடையதுதானே!"

பாங்க்காரியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். குட்டி குறும்பாகச் சொல்லவில்லை; வாஸ்தவமாகவே அவளுக்குப் புரியவில்லை. பிடித்திருக்கிறது, சலங்கை இருக்கிறது, கால் இருக்கிறது. பிறகு என்ன தடை?

ஒரு சட்டம் போட்டு முப்பத்தாறு வருஷம் தடுத்தும் அந்த மலைநாட்டார் எட்டு கஜத் துணியை மறக்கவில்லை. அதே ஊரில், ஆசையோடு ஒரு தாய் கட்டாயப்படுத்தியதும் ஒரு பெண் செருப்பை அடுப்பில் போட்டுவிட்டாள். நம் வீடுகளிலும் பாட்டு வாத்தியார் வரும் நேரத்தில் தலைவலி வருகிற குழந்தைகள் எத்தனை பேர்! குழந்தைகளுக்கு நாம் கொடுக்கக்கூடியது பெட்டியைத் திறந்து வைப்பதும், கேட்டால் பதில் சொல்வதும்தானோ என்னவோ. சொல்வது சுலபம், எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பெண்ணை எழுப்பிப் பார்த்தவர்களுக்குத்தான் கஷ்டம் தெரியும்.

ஊருக்குத் திரும்பி மூன்று மாதம் ஆனதும் டாக்டரம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு இப்போது அவளே போகிறாளாம். ஏழு வயது, எட்டு வயதுப் பிள்ளைகளின் வரிசையில் கடைசியாக நின்று தட்டடவிலிருந்து ஆரம்பித்திருக்கிறாள். முட்டி வலிக்குத் தைலம் கேட்டு எழுதியிருந்தாள், டாக்டராம் டாக்டர்!

"குட்டி இன்னும் ஆடவில்லை" என்று கடைசியில் ஒரு வரி. "வகுப்பு வாசலில் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் நான் அடவைத் தப்பாகப் போட்டால், தலையை நிமிர்த்தாமலே, 'அம்மா, இடது கால்' என்கிறாள்."